பாம்பன் கடலடியில் கேட்கும் சடசடப்பு: குமிழிகள் எப்படி ஒலிக்கின்றன?

பாசிக்கரை (பாம்பன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பெண்கள் பாம்பனுக்குத் தெற்கே ஆழம் குறைந்த பாறைப் பகுதிகளில் கடற்பாசி எடுப்பவர்கள். கல்லூரி விடுமுறையில் நானும் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு அவர்களுடன் இறங்குவதுண்டு. தலை நீருக்குள் போன மறுகணமே எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஒரு சடசடப்பு எல்லாப் பக்கங்களிலிருந்தும் கேட்கத் தொடங்குகிறது. பாறையை நெருங்கினால் வலுக்கிறது, மணல் தரைக்கு மேல் வந்தால் குறைகிறது, தலையை வெளியே எடுத்தால் அறவே இல்லை. அம்மாவிடம் கேட்டால், அது பாறைச் சத்தம், எப்போதும் இருப்பதுதான் என்கிறார்.

இரண்டாவது ஒலி என்னுடையது. மூச்சை விடும்போது மூக்கருகே புறப்படும் குமிழிகளில் பெரியவை தாழ்ந்த சுருதியிலும் சிறியவை உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கின்றன. குமிழியின் ஆரத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் மின்னார்ட் கண்ட தொடர்பு ஒன்று உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். அதற்கு மேல் விளக்க நேரமில்லை. இந்த இரண்டு ஒலிகளும் ஒரே விதியில் அடங்குமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வடகடல் (இராமநாதபுரம், பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்)

அடங்காது, மகளே. இரண்டுமே குமிழியின் ஒலிதான், ஆனால் ஒன்றில் குமிழி அதிர்கிறது, மற்றொன்றில் குமிழி நொறுங்குகிறது. மூச்சுக் குமிழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதன் கணக்கு எளிது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வானியலாளராக இருந்த மார்செல் மின்னார்ட், ஓடும் நீரின் ஒலியைப் பற்றி 1933-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சூரிய நிறமாலையை ஆராய்ந்த ஒருவர் ஓடை நீரின் சலசலப்புக்கும் நேரம் ஒதுக்கினார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. அவர் சொன்னதன் சாரம் இது: நீருக்குள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லாகச் செயல்படுகிறது, குமிழியைச் சூழ்ந்த நீர் அந்த வில்லில் கட்டிய எடையாகச் செயல்படுகிறது. குமிழி சற்றே சுருங்கினால் உள்ளிருக்கும் காற்று அழுத்தப்பட்டு நீரை வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்ட நீர் தன் வேகத்தால் சமநிலையைத் தாண்டிச் செல்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளியழுத்தம் அதை மீண்டும் உள்ளே செலுத்துகிறது. குமிழி இப்படி மூச்சு விடுவதுதான் நம் காதுக்கு ஒலியாக வருகிறது.

இதில் எடை எவ்வளவு என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். குமிழி இடம்பெயர்த்த நீரின் நிறையைப் போல மும்மடங்கு நீர் அதனுடன் சேர்ந்து அசைவதாகக் கணக்கில் வருகிறது. 1 மி.மீ. ஆரமுள்ள குமிழிக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 5 மைக்ரோகிராம். அதனுடன் ஆடும் நீர் ஏறத்தாழ 12.5 மில்லிகிராம். அதாவது காற்றைப் போல 2500 மடங்கு எடை. அவ்வளவு மெல்லிய வில்லில் அவ்வளவு கனத்தைக் கட்டினால் அது மெதுவாகத்தான் ஆடும். அதனால்தான் இத்தனை சிறிய பொருளிலிருந்து இத்தனை தாழ்ந்த சுருதி வருகிறது. கடல்மட்ட அழுத்தத்தில், நீரில் உள்ள காற்றுக் குமிழிக்கு, அதிர்வெண்ணை ஆரத்தால் பெருக்கினால் நொடிக்கு 3.26 மீட்டர் என்ற எண் கிடைக்கும். ஆகவே 1 மி.மீ. ஆரக் குமிழி 3260 ஹெர்ட்ஸிலும் 1 செ.மீ. ஆரக் குமிழி 326 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். நீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர் செல்வதால், அந்தச் சிறிய குமிழி எழுப்பும் ஒலியின் அலைநீளம் 46 செ.மீ. வருகிறது, குமிழியின் ஆரத்தைப் போல 460 மடங்கு. புல்லாங்குழலிலோ நாதசுரத்திலோ அலைநீளத்துக்கும் குழலின் நீளத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. குமிழி அந்த இனத்தைச் சேர்ந்ததன்று.

மூக்கிலிருந்து புறப்படும் குமிழி ஏன் அதிரத் தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குமிழி பிரியும் தறுவாயில் காற்று ஒரு மெல்லிய கழுத்தாக நீண்டு அறுகிறது. அறுந்த கழுத்தைப் பரப்பு இழுவிசை வேகமாகக் குமிழிக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தத் திடீர்ச் சுருக்கமே முதல் தட்டு. அதன் பிறகு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு அளவில் அதிர்வு அடங்கிவிடுகிறது. ஆகவே குமிழி பிறக்கும்போது மட்டும் பாடுகிறது. மேலே ஏறும் வழியெல்லாம் பெரும்பாலும் மௌனமாகவே வருகிறது.

தொண்டி விசைப்படகு (தொண்டி)

அய்யா சொல்வது மூச்சுக் குமிழிக்குப் பொருந்தலாம். ஆனால் அலை கரையில் அறைவது நீர் நீரின் மேல் அடிக்கும் சத்தந்தானே? துடுப்பால் கடல்மட்டத்தை அடித்தாலும் அறை விழுந்தது போலக் கேட்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடியின் தெற்குப் பக்கம் நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். எல்லாவற்றையும் குமிழிக்கு எழுதிக் கொடுப்பது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

வடகடல்

துடுப்பின் அடியை நான் மறுக்கவில்லை. தட்டையான பலகை தட்டையான நீரைச் சந்திக்கும்போது எழும் அறை உண்மையான மோதல் ஒலியே. ஆனால் கரையில் அலை உடையும்போது நீங்கள் கேட்கும் நீண்ட இரைச்சலில் பெரும்பங்கு, மடிந்து விழும் அலை தனக்குள் சிறைபிடிக்கும் காற்றிலிருந்து வருகிறது. பெரிய காற்றுத் துண்டுகள் கொந்தளிப்பில் சிதறி, மில்லிமீட்டரை ஒட்டிய அளவிலும் அதற்கும் சிறிதாகவும் எண்ணற்ற குமிழிகளாகப் பிரிகின்றன. ஒவ்வொன்றும் தன் அளவுக்கேற்ற சுருதியில் ஒரு கணம் ஒலித்து அடங்குகிறது. நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸிலிருந்து பல்லாயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிய அந்தக் கலவைதான் இரைச்சல். பாக் நீரிணைப் பக்கம் காற்றில்லாத நாளில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும்போது, நீர் அசைந்துகொண்டே இருந்தும் சத்தமில்லாமல் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அலை அங்கும் இருக்கிறது; மடிந்து காற்றைப் பிடிக்கும் அளவுக்கு வளர்வதில்லை, அவ்வளவுதான்.

குழாயடிச் சொட்டு இதற்கு நல்ல சான்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு இப்படிச் சொல்கிறது: சொட்டு நீர்ப்பரப்பில் மோதும் கணம் ஏறத்தாழ ஒலியற்றது. மோதலால் ஏற்பட்ட குழி மீண்டும் மூடிக்கொள்ளும்போது அடியில் ஒரு சிறு காற்றுக் குமிழி சிக்கிக்கொள்கிறது. அந்தக் குமிழி அதிர்ந்து மேலிருக்கும் நீர்ப்பரப்பையே உந்துதண்டு போல அசைக்க, அந்த அசைவுதான் காற்றில் 'டிங்' என்று நம்மை வந்தடைகிறது. பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து, குமிழி சிக்காமல் ஒலி நின்றுவிடுகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள்.

ஊரணி (பரமக்குடி, பள்ளி ஆசிரியை)

அய்யா எழுதியதைப் படித்ததும் வீட்டில் செய்து பார்த்தேன். அகலமான எவர்சில்வர் அண்டாவில் முக்கால் பங்கு நீர் நிரப்பி, குழாயைச் சொட்டு விழும் அளவுக்குத் திருகி வைத்தேன். சொட்டுகளில் சில தெளிவாக 'டிங்' என்றன, சில ஒலிக்கவே இல்லை. குழாய்க்கும் நீருக்கும் இடையிலான உயரத்தை மாற்றினால் ஒலிக்கும் சொட்டுகளின் விகிதமும் மாறியது. பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை விரலால் தொட்டுக் கலக்கினேன். சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, வளையங்கள் பரவுகின்றன, ஒலியோ இல்லை. மோதல்தான் ஒலிக்குக் காரணம் என்றால் மோதல் அப்படியே இருக்கும்போது ஒலி எங்கே போயிற்று என்று தொண்டி அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனெனில் மாணவர்கள் இந்த இடத்தில் வழுக்குவார்கள். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது, நிறைய நிறையச் சுருதி ஏறுகிறது; பார்க்காமலேயே குடம் நிறைந்துவிட்டதென்று சொல்லிவிடலாம். அந்த ஏற்றம் குமிழியுடையதன்று. அது குடத்தில் மீதமிருக்கும் காற்று தன் அளவுக்கேற்ற சுருதியில் ஆடும் ஒத்ததிர்வு. நீர் உயரக் காற்றின் இடம் சுருங்குகிறது, சுருதி உயர்கிறது. குமிழிகள் எழுப்பும் கலகலப்பு அதற்கு அடியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். குடத்தில் கேட்கும் இரண்டு ஒலிகளையும் பிரித்தறிந்தால்தான் மின்னார்டின் கணக்கைச் சரியான இடத்தில் பயன்படுத்த முடியும்.

தொண்டி விசைப்படகு

சகோதரியின் அண்டாவுக்கு நான் எதிர்ப்பில்லை. சொட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். மழைக்கு?

வடகடல்

மழை இன்னும் சுவையானது, தம்பி. மழைத்துளியின் அளவைப் பொறுத்து நீருக்கடியில் ஒலி முற்றிலும் மாறுகிறது. 0.8 மி.மீ. முதல் 1.1 மி.மீ. வரை விட்டமுள்ள சிறு துளிகள் தம் இறுதி வேகத்தில் விழும்போது, குழி மூடும் முறை மிக ஒழுங்காக அமைந்து, ஏறத்தாழ ஒவ்வொரு துளியும் ஒரு குமிழியைச் சிறைபிடிக்கிறது. அக்குமிழியின் ஆரம் 0.22 மி.மீ. அளவில் இருப்பதால் 14 அல்லது 15 கிலோஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான உச்சம் தோன்றுகிறது. அதற்குச் சற்றுப் பெரிய துளிகள், ஏறத்தாழ 2 மி.மீ. வரையிலானவை, குமிழி பிடிக்காமல் விழுவதால் நீருக்கடியில் பேச்சு மூச்சற்றவை. அதைவிடப் பெரியவை மறுபடியும் பெரிய குமிழிகளைப் பிடித்துத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கின்றன. ஐப்பசித் தூறல் நீருக்கடியில் ஒரு உயர்ந்த சீறலாகவும், கார்த்திகைக் கனமழை பரந்த இரைச்சலாகவும் கேட்கும் என்பது இதிலிருந்து வரும் முடிவு. நீருக்கடியில் ஒலிவாங்கியை வைத்து, கடல் மேல் பெய்யும் மழையை அளப்பதற்கும் இதுவே அடிப்படை.

கீழக்கரை சவுண்டர் (கீழக்கரை, படகுக் கருவிகள் பழுதுபார்ப்பவர்)

தங்கையின் முதல் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு நான் வருகிறேன். நீங்கள் கேட்கும் சடசடப்பு ஆல்பியஸ் வகையைச் சேர்ந்த சிறிய இறால்களுடையது. சில சென்டிமீட்டர் நீளமே இருக்கும். இரண்டு கொடுக்குகளில் ஒன்று மட்டும் உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெருத்திருக்கும். பவளப்பாறையின் இடுக்குகளிலும் கற்களுக்கடியிலும் வாழ்வதால்தான் பாறையருகே ஒலி வலுக்கிறது, மணலில் குறைகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைக் காதால் தேடியவர்களுக்கு இந்த இறால்கள் பெரிய இடையூறாக இருந்தன.

பெரிய கொடுக்கு மூடும்போது இரு பாகங்களும் மோதுவதால் ஒலி எழுகிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000-இல் வெர்ஸ்லூயிஸ், ஷ்மிட்ஸ், வான் டெர் ஹெய்ட், லோசே ஆகியோர் நொடிக்கு 40,000 படங்கள் எடுக்கும் கேமராவையும் நீரொலிவாங்கியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கொடுக்கு மூடிய கணத்தில் குறிப்பிடத்தக்க ஒலி இல்லை. மூடும் கொடுக்கிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் ஒரு நீர்த்தாரை பாய்கிறது. அந்த வேகத்தில் அழுத்தம் நீரின் ஆவியழுத்தத்துக்கும் (நீர் ஆவியாகிக் குமிழியாகத் தொடங்கும் அழுத்தம்) கீழே இறங்கி, நீர் கிழிந்து ஒரு குமிழி உருவாகிறது. அது உடனே நொறுங்குகிறது. அந்த நொறுங்கலில்தான் ஒலி பிறக்கிறது. நொறுங்கும் கணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய ஒளியும் வெளிப்படுகிறது என்பதை அடுத்த ஆண்டு கண்டார்கள். உள்ளே வெப்பநிலை 5000 கெல்வினுக்குக் குறையாது.

இங்கேதான் அய்யா முதலில் சொன்ன வேறுபாடு வருகிறது. 3 மி.மீ. ஆரமுள்ள காற்றுக் குமிழி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே காற்று இருப்பதால் நீரை எதிர்த்துத் தள்ளுகிறது, ஏறத்தாழ 1090 ஹெர்ட்ஸில் பல முறை ஆடி அடங்குகிறது. அதே அளவில் ஏறத்தாழ வெறுமையான ஒரு குழியை எடுத்துக்கொள்ளுங்கள்: எதிர்த்துத் தள்ள உள்ளே ஒன்றுமில்லை. இயற்பியலாளர் ராலே 1917-இல் தந்த சூத்திரப்படி கடல்மட்ட அழுத்தத்தில் அது 0.3 மில்லிநொடிக்குள் முழுமையாக மூடிவிடும். எல்லா ஆற்றலும் ஒரே புள்ளியில் குவிவதால் இசைத்தன்மையற்ற ஒரு வெடிப்பு கிடைக்கிறது. அது சில கிலோஹெர்ட்ஸிலிருந்து நம் காதுக்கு எட்டாத 200 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். ராலே அந்தக் கணக்கைச் செய்தது கப்பல்களின் புரொப்பல்லர்கள் அரிக்கப்படுவதைப் புரிந்துகொள்ளும் முயற்சியில்தான். என் பட்டறைக்கு வரும் பித்தளைப் புரொப்பல்லர்களில், இதழின் விளிம்பை ஒட்டி, ஊசியால் குத்தியது போலப் பள்ளங்கள் நிறைந்த ஒரு பட்டை தெரியும்; விரலை ஓட்டினால் உப்புத்தாள் போல உராயும். உப்பின் அரிப்பு என்றால் பரவலாகப் பச்சை படரும். இதுவோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொத்தப்பட்டிருக்கும்.

பாசிக்கரை

மிக்க நன்றி, கீழக்கரைக் காக்கா (அண்ணா). அய்யாவுக்கும் நன்றி. இதிலிருந்து எனக்கு மேலும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஏன் நீருக்குள் தெரிவதில்லை? ஆழத்துக்குப் போனால் குமிழியின் சுருதி மாறுமா?

வடகடல்

முதலாவதற்குச் சுருக்கமான விடை போதும். நம் இரு காதுகளையும் ஒலி வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே திசையை உணர்கிறோம். நீரில் ஒலியின் வேகம் காற்றில் இருப்பதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். வேறுபாடு அதே அளவுக்குச் சுருங்கிவிடுவதால் மூளைக்குப் பிடிபடுவதில்லை. தலையை வெளியே எடுத்ததும் ஒலி மறைவதற்கு வேறு காரணம்: நீரிலிருந்து காற்றுக்கு ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடந்து வருகிறது.

இரண்டாவது கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். குமிழியின் அளவு மாறாமல் அழுத்தம் மட்டும் கூடினால் அதிர்வெண் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. ஆகவே 1 செ.மீ. ஆரக் குமிழி அங்கே 326-க்குப் பதிலாக ஏறத்தாழ 460 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஆனால் ஒரே அளவு காற்றைக் கீழே கொண்டுபோனால் அது சுருங்கவும் செய்கிறது. இரண்டு விளைவுகளும் சேர்ந்து அதிர்வெண்ணை 1.78 மடங்காக்குகின்றன. நீங்கள் பாசி எடுக்கும் ஆழத்தில், அதாவது இரண்டு மூன்று மீட்டரில், மாற்றம் 20 அல்லது 25 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆனாலும் இசைக்காது உள்ளவர்களுக்கு அது தாராளமாகத் தெரியும். கடல்நீரின் உப்பால் சுருதியில் வரும் வேறுபாடு ஒரு சதவீத அளவுதான், அதை விட்டுவிடலாம். உப்பு வேறொன்றைச் செய்கிறது: குமிழிகள் ஒன்றோடொன்று சேர்வதைத் தடுக்கிறது. குளத்து நன்னீரில் எழும் குமிழிகள் விரைவில் இணைந்து பெரிதாகி மேலே போய்விடும்; கடலில் அவை சிறு சிறு குமிழிகளாகவே நீண்ட நேரம் தங்கும்.

தொண்டி விசைப்படகு

அய்யா கடைசியாகச் சொன்னது என் தொழிலுக்கு வருகிறது. முன்னால் போகும் படகின் பின்தடத்தில் நுழைந்தால் எக்கோ சவுண்டர் (ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தரையையும் மீனையும் காட்டும் கருவி) திரையில் தரை மறைந்து, மேல்பகுதி முழுவதும் வெள்ளைப் படலமாகிவிடுகிறது. கடல் கலங்கிய நாட்களிலும் அப்படியே. கருவியை விற்றவர்கள் கருவியில் பழுதில்லை என்கிறார்கள். இதற்கும் குமிழிதான் காரணமா?

கீழக்கரை சவுண்டர்

ஆம், கருவியில் பழுதிருக்க வாய்ப்பில்லை. படகுகளில் இருக்கும் சவுண்டர்கள் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸிலும் 200 கிலோஹெர்ட்ஸிலும் வேலை செய்கின்றன. மின்னார்டின் எண்ணைக் கொண்டு வகுத்துப் பாருங்கள்: 50 கிலோஹெர்ட்ஸுக்கு ஒத்ததிரும் குமிழியின் ஆரம் 0.065 மி.மீ., 200 கிலோஹெர்ட்ஸுக்கு 0.016 மி.மீ. அளவில் வருகிறது. புரொப்பல்லர் கலக்கிய நீரில் எஞ்சுபவை இத்தகைய நுண்குமிழிகள்தான். பெரியவை சில நொடிகளில் மேலே ஏறிவிடும், இவை மேலேறப் பல நிமிடங்கள் பிடிக்கும். சவுண்டரின் துடிப்பு வரும்போது ஒவ்வொன்றும் தன் உடலளவைப் போலப் பல மடங்கு பெரிய தடையாக நின்று, ஒலியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகிறது. தரைக்குப் போய்த் திரும்ப வேண்டிய துடிப்பு வழியிலேயே தீர்ந்துபோகிறது. சிதறி உடனே திரும்பிய பகுதி உங்கள் திரையில் வெள்ளைப் படலமாகத் தெரிகிறது.

மீன் தெரிவதும் இதே இயற்பியலால்தான். மீனின் தசை கடல்நீரிலிருந்து அதிகம் வேறுபடாததால் குறைவாகவே எதிரொலிக்கும். உள்ளே இருக்கும் காற்றுப்பைதான் துடிப்பைத் திருப்பி அனுப்புகிறது. கூறல் மீனில் நெட்டி என்று நாம் எடுத்து விலை பேசுகிறோமே, அந்தப் பைதான். காற்றுப்பை இல்லாத சுறா, திருக்கை ஆகியவை திரையில் மங்கலாக விழுவதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

குமிழி மிகுந்தால் ஒலியின் வேகமே மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். சவுண்டரின் அதிர்வெண்ணைவிட மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கு இது பொருந்தும். நீரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு காற்று கலந்தாலே வேகம் 1500-லிருந்து 900 மீட்டரை ஒட்டி இறங்குகிறது. நூற்றில் ஒரு பங்கு கலந்தால் 100 முதல் 120 மீட்டர் வரைதான். தனிநீரில் 1500, தனிக்காற்றில் 340, நூற்றில் ஒரு பங்கு காற்றுள்ள கலவையிலோ இரண்டையும்விடக் குறைவு. நீரின் கனமும் காற்றின் நெகிழ்வும் ஒன்றுசேர்வதால் இந்த விந்தை நிகழ்கிறது.

பரிகாரம் என்று பார்த்தால், கேயினை (திரும்பி வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைப்பது கண்ணுக்கு ஆறுதல் தருமே தவிர, போன துடிப்பைத் திருப்பித் தராது. டிரான்ஸ்டியூசர் (துடிப்பை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடித்தளத்தில் பலகை இணைப்போ, போல்ட் தலையோ, நீர் எடுக்கும் துளையோ அதற்கு முன்னால் இருந்தால், படகு ஓடும்போது அங்கிருந்து கிளம்பும் குமிழி வரிசை நேரே அதன் முகத்தின் மேல் படரும். புரொப்பல்லருக்கு வெகு முன்னால், ஓடும்போதும் நீரை விட்டு எழாத இடத்தில், அடித்தளத்திலிருந்து சற்று வெளியே நீட்டியவாறு பொருத்துவதே முறை. அடுத்தவர் பின்தடத்துக்கு மட்டும் மருந்து கிடையாது, விலகித்தான் ஓட்ட வேண்டும்.

தொண்டி விசைப்படகு

என் படகில் டிரான்ஸ்டியூசருக்கு ஒரு முழம் முன்னால் நீர் எடுக்கும் துளை இருக்கிறது, காக்கா. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றிப் படம் எடுத்துப் போடுகிறேன். எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.